வேதாளம் ஏறும் மரம்: பழைய பழக்கத்துக்குத் திரும்புவதைத் தமிழ் சொல்லும் விதம்

‘விடு’ என்னும் வினையைத் தமிழ் இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறது. ‘அவன் குடியை விட்டான்’ என்றால் அவன் குடிப்பதை நிறுத்தினான். ‘அவன் குடித்துவிட்டான்’ என்றால் செய்யக்கூடாது என்றிருந்ததைச் செய்து முடித்தான். அதோடு, சொல்பவரின் வருத்தமும் அந்த ஒட்டில் சேர்ந்து ஒலிக்கிறது. முதல் வாக்கியத்தில் தனிவினையாக நின்று விடுதலையைச் சொன்ன சொல், இரண்டாவதில் துணைவினையாக ஒட்டிக்கொண்டு அந்த விடுதலை கைநழுவியதைச் சொல்கிறது. விட்ட ஒன்றை மறுபடி தொட்டுவிடுவதைக் குறிக்கத் தமிழில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று தேடத் தொடங்கினால், இதே இரட்டைமுகம் வேறு வினைகளிலும் எதிர்ப்படுகிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில், பேச்சில் நிஜமாகப் புழங்குவது எது என்று பார்த்தால், ஒற்றைச் சொல் எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை; ஒரு மரமும் அதில் தொங்கும் ஒரு வேதாளமும்தான் வந்து நிற்கின்றன.

‘வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்ற தொடரைத் தமிழ் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருந்தியதாக நம்பப்பட்ட ஒருவர் பழைய குணத்துக்கே போய்விட்டார் என்பது அதன் பொருள். ஆனால் அது எப்போது சொல்லப்படுகிறது, யாரால் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்தால் அதன் அமைப்பு தெளிவாகும். முதலாவதாக, சிறிது காலமாவது ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே இறங்காத வேதாளம் மேலே ஏற முடியாது. இரண்டாவதாக, இது பெரும்பாலும் படர்க்கைக்குரிய தொடர். ‘அவர் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டார்’ என்று அவர் இல்லாத இடத்தில் சொல்வார்கள். ‘நான் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அது தன்னையே கேலி செய்துகொள்வதாக இருக்குமே தவிர, ஒப்புதல் வாக்குமூலமாக இருக்காது. மூன்றாவதாக, குற்றத்தின் அளவு இதற்கு ஒரு பொருட்டல்ல. கடன் வாங்குவதை நிறுத்தியவர் மறுபடி கைநீட்டினாலும், கோபத்தைக் குறைத்துக்கொண்டவர் ஒருநாள் தட்டை வீசினாலும், அதிகாலையில் எழுந்துகொண்டிருந்தவர் பழையபடி ஒன்பது மணிக்குக் கண்விழித்தாலும் அதே வேதாளம்தான், அதே மரம்தான்.

இந்தத் தொடரின் மூலக்கதை வடமொழி மரபில் ‘வேதாள பஞ்சவிம்சதி’ என்று வழங்கும் 25 கதைகளின் தொகுதியாகும். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. அங்கே வேதாளம் குடிகொண்ட பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழில் அது முருங்கையாயிற்று. முருங்கையில் பேய் குடியிருக்கும் என்ற நம்பிக்கை இருந்த மொழியில் இந்த மாற்றம் வியப்பானதல்ல. ஆனால் மரம் மாறியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கதைக்கும் தொடருக்கும் இடையே நிகழ்ந்திருக்கிறது. கதையில் வேதாளம் திருந்தியதாகவோ, நல்லபடி நடப்பதாக வாக்குக் கொடுத்ததாகவோ எங்கும் இல்லை. அரசன் பிணத்தைத் தோளில் சுமந்து வாய்திறவாமல் நடக்க வேண்டும். வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வியைப் போடுகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்துவிடும். அரசன் சொல்கிறான், வேதாளம் மரத்துக்குப் போகிறது. உண்மையான விடை தெரியாமல் அரசன் வாயடைத்துப்போகும் கடைசிக் கேள்வி வரும்வரை இதுவே நடக்கிறது.

அதாவது, கதையின்படி ஒவ்வொரு முறையும் தவறுவது அரசனின் மௌனம்; ஏறுவது மட்டும் வேதாளம். பழமொழியாகும்போது மௌனமும் கேள்வியும் உதிர்ந்துபோய், மேலே ஏறும் உருவம் ஒன்றுதான் எஞ்சியது. பழி முழுவதும் வேதாளத்தின் குணத்தின்மேல் விழுந்தது. பழக்கங்களைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதோடு ஒப்பிட்டால், கைவிடப்பட்ட பகுதிதான் அதிகப் பயனுள்ள பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் பழைய வழக்கத்துக்குத் திரும்பும் கணத்துக்கு முன்னால், பதில் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு கேள்வி அவரிடம் கேட்கப்பட்டிருக்கும்: ஒரு சண்டை, ஒரு தனிமை, பழைய கூட்டாளியின் ஓர் அழைப்பு. அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் இல்லை. மரம் ஏறியதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

‘பழைய குருடி கதவைத் திறடி’ என்பது இதற்கு அடுத்த நிலையில் புழங்கும் தொடர். அகராதிப்படி இரண்டும் ஒரே பொருள்தான், பேச்சில் அப்படியல்ல. வேதாளத் தொடரில் ஒரு மனிதரின் குணம் குறிவைக்கப்படுகிறது. குருடித் தொடரிலோ ஒரு நிலைமையின் சலிப்பு ஒலிக்கிறது. எவ்வளவு பாடுபட்டும், ஆட்களை மாற்றியும், விதிகளைத் திருத்தியும், நான்கு நாளில் எல்லாம் முன்பிருந்த இடத்துக்கே வந்து நின்றால் ‘பழைய குருடி கதவைத் திறடி கதையாகிவிட்டது’ என்கிறோம். அலுவலகத்தில் கோப்புகள் தேங்குவதற்கும், கூட்டங்கள் நேரத்துக்குத் தொடங்காமல் போவதற்கும் இது பொருந்தும். அங்கே வேதாளம் பொருந்தாது, ஏறுவதற்கு ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டும்.

‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’, ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ ஆகிய இரண்டையும் பலர் இதே வரிசையில் சேர்த்து எழுதுகிறார்கள். அது பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் துல்லியமில்லை. திரும்பிப் போவதற்கு முதலில் விலகி வந்திருக்க வேண்டும். நாய் வால் விலகவே இல்லை என்கிறது அந்தப் பழமொழி. தொட்டில் பழக்கமோ இடைவெளியே இல்லாமல் இறுதிவரை நீள்கிறது. இரண்டும் மாற்றத்தையே மறுப்பவை. ஓராண்டு குடிக்காமல் இருந்து ஒருநாள் தவறியவரைப் பார்த்து நாய் வாலை நினைவூட்டுபவர், அந்த ஓராண்டை ஒரே வாக்கியத்தில் அழித்துவிடுகிறார்.

மாற்றத்தின் ஆயுள் குறைவு என்பதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்வதற்கும் தமிழில் ஒரு நுட்பமான வகைப்பாடு உண்டு. புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள். கதாகாலட்சேபம் கேட்டபோது பிறக்கும் உறுதி பந்தலை விட்டு வெளியே வந்ததும் போய்விடும். பேற்று வலியில் ‘இனி வேண்டாம்’ என்று எடுத்த முடிவு குழந்தையின் முகத்தைக் கண்டதும் மறையும். சுடுகாட்டில் ‘என்ன வாழ்க்கை இது’ என்று தோன்றிய துறவு குளித்துவிட்டு வீடு சேர்வதற்குள் கரையும். இந்த மூன்றிலும் ஏளனம் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். உறுதி பொய்யானதல்ல, அதைப் பிறப்பித்த சூழல் நீங்கிவிட்டது என்றுதான் சொல்லப்படுகிறது. ‘விட்டகுறை தொட்டகுறை’ என்பது இன்னும் கனிவானது. முன்பு விட்ட இடத்திலிருந்து ஏதோ ஒன்று தொடர்கிறது, அதனால்தான் கை அங்கே போகிறது என்று, வினைப்பயனின் மேல் பாரத்தை இறக்கிவைத்துவிடும் தொடர் அது. இசையையோ எழுத்தையோ பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தவரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். கெட்ட பழக்கத்துக்கென்றே ஏற்பட்டதல்ல என்பதால் அதில் குத்தல் இல்லை.

ஐரோப்பிய மொழிகளில் இதே பொருளுக்கு வழங்கும் சொற்களைத் தோண்டினால் வேறொரு படம் கிடைக்கிறது. மருத்துவர்கள் சொல்லும் ‘ரிலாப்ஸ்’ என்ற சொல்லின் இலத்தீன் வேர் பின்னோக்கி வழுக்குவதைக் குறிக்கிறது. தண்டனை முடிந்து வந்தவர் மறுபடி குற்றம் செய்வதைச் சொல்லும் ‘ரெசிடிவிசம்’ என்ற சொல்லின் வேர் திரும்ப விழுவதைக் குறிக்கிறது. இரண்டிலும் ஒரு சரிவு இருக்கிறது, ஓர் உடல் இருக்கிறது, அது கீழே போகிறது. நம் வேதாளமோ மேலே ஏறுகிறது. வழுக்குபவர் விரும்பி வழுக்குவதில்லை. ஏறுவதற்கோ கையும் காலும் மனமும் வேண்டும். சரிவில் விழுந்தவர் அடிபட்டுக் கிடக்கிறார்; வேதாளம் தன் சொந்த இடத்தில் போய்த் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறது. படிமத்தில் உள்ள இந்த வேறுபாடு தீர்ப்பிலும் இறங்கிவிடுகிறது. ‘விழுந்துவிட்டார்’ என்று கேட்டால் தூக்கிவிடத் தோன்றும். ‘ஏறிவிட்டார்’ என்று கேட்டால் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும்.

கிறித்தவத் தமிழில் இதற்கென்றே ‘பின்மாற்றம்’ என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. விசுவாசத்தை விட்டு நழுவியவர் ‘பின்மாற்றக்காரர்’ எனப்படுகிறார். ஆனால் விவிலியத் தமிழில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொரு வினை. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் நாய் தான் கக்கினதைத் தின்னவும், கழுவப்பட்ட பன்றி சேற்றிலே புரளவும் ‘திரும்பினது’ என்று வருகிறது. அதே விவிலியத்தில், தீயதை விட்டு இறைவனிடம் வருவதற்குரிய சொல் ‘மனந்திரும்புதல்’. சேற்றுக்குப் போவதும் திரும்புதல், சேற்றிலிருந்து வருவதும் திரும்புதல். எங்கிருந்து, எங்கே என்பதைச் சுட்டும் சொல்தான் ஒன்றை மீட்பாகவும் மற்றொன்றை வீழ்ச்சியாகவும் ஆக்குகிறது.

‘மீள்’ என்ற வினையில் இது இன்னும் வெளிப்படை. ‘அவர் குடியிலிருந்து மீண்டார், ஆறு மாதம் கழித்து மீண்டும் குடித்தார்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம். மீண்டார், மீண்டும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மீட்சி, மீட்பு, மீட்டெடுத்தல் என்று நம்பிக்கை தரும் சொற்களையெல்லாம் ஈன்ற வேரிலிருந்தே ‘மறுபடியும்’ என்ற பொருளுள்ள வினையடையும் வந்திருக்கிறது. விடு, திரும்பு, மீள் என்று மூன்று வினைகளும் விடுபடுவதையும் அகப்படுவதையும் ஒன்றாகவே சுமக்கின்றன. ‘இருந்து’ ஒட்டினால் நல்ல செய்தி, ‘கு’ உருபு ஒட்டினால் கெட்ட செய்தி.

பழைய இலக்கியத்தில் இந்த நுட்பம் கவனிக்கப்படாமல் இல்லை. திருக்குறளின் துறவு அதிகாரத்தில் ‘இயல்பாகும் நோன்பிற்கொன் றின்மை உடைமை மயலாகும் மற்றும் பெயர்த்து’ என்று 344ஆம் குறள் வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த ஒன்றே மறுபடியும் மயக்கத்துக்கு வழியாகும் என்பது அதன் கருத்து. ‘பெயர்த்து’ என்ற சொல் இங்கே மீளவும் என்ற பொருளில் நிற்கிறது. புகைப்பதை விட்டவர் மேசையின் அடி அறையில் ஒரு பெட்டியை ‘இருக்கட்டுமே’ என்று வைத்திருப்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. குணத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் அது பேசுகிறது.

தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒருமுறை தவறுவதும், முழுதாகப் பழைய நிலைக்குப் போவதும் ஒன்றல்ல; நம் பழமொழிகள் இரண்டையும் ஒரே மரத்தில் ஏற்றிவிடுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டையே அடிப்படையாக வைத்தார். நாற்பது நாள் புகைக்காமல் இருந்த ஒருவர், ஓர் இரவு வாக்குவாதத்துக்குப் பிறகு ஒன்றைப் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு தவறல், அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரத்தில் அவர் மனத்தில் ஓடுவதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ‘நான் இப்படிப்பட்டவன்தான், என்னால் ஆகாது’ என்று அவர் நினைத்தால், அந்தக் குற்றவுணர்வே மீதிப் பெட்டியையும் தீர்க்க வைக்கும். ஒன்று பற்றவைத்தவரைப் பழைய நிலைக்குத் தள்ளுவதில் புகையிலையின் பங்கைப் போலவே இப்படித் தன்னையே இகழ்ந்துகொள்வதற்கும் பங்குண்டு என்பதுதான் மார்லட் எடுத்துக்காட்டியது.

இந்த மனநிலைக்குப் பெயர் வைக்க ஆய்வாளர்களுக்கு நீண்ட தொடர் தேவைப்பட்டது. தமிழில் அது ஏற்கெனவே பழமொழியாக இருந்தது. ‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன’ என்கிறோம். ‘முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு’ என்கிறோம். இரண்டும் பொதுவாகத் துணிச்சலின் வாக்கியங்களாகச் சொல்லப்பட்டாலும், நாற்பதாம் நாள் இரவில் அந்த மனிதர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் இவற்றைத்தான். அவர் உண்மையில் நனைந்தது ஒரு துளி. வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது என்று முடிவு கட்டியது அவர்.

வினைத்தூய்மை அதிகாரத்தின் 655ஆம் குறளைப் பற்றி உரைகள் வேறுபடுவது இந்த இடத்தில் மிகவும் சுவையானது. ‘எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று.’ ‘என்ன செய்துவிட்டேன்’ என்று பின்னால் வருந்தத்தக்க செயலைச் செய்யாதே என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தவறிச் செய்துவிட்டால் என்ன? அத்தகைய செயலை மறுபடி செய்யாதிருப்பது நல்லது என்பது பரவலாக அறியப்பட்ட உரை. பள்ளிப் பிள்ளைகள் படிப்பதும் அதைத்தான். பரிமேலழகரோ ‘மற்றன்ன’ என்பதை இரங்குதலோடு சேர்த்து, செய்தபின் உட்கார்ந்து அந்த வருத்தப்படுதலைச் செய்யாதிருப்பது நல்லது என்று பொருள் கொள்கிறார். இலக்கணப்படி எது நேரானது என்ற வழக்கில் பலர் முதல் உரையின் பக்கம் நிற்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் தவறியவரின் அரைமணி நேரத்தை வைத்துப் பார்த்தால் பரிமேலழகரின் உரைக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. இரங்கிக்கொண்டிருப்பதே அடுத்ததைப் பற்றவைக்கும் கை.

மருத்துவம் இதைப் பார்க்கும் விதமும் கடந்த அரை நூற்றாண்டில் மாறியிருக்கிறது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களிடம் நோய் மறுபடி தலைதூக்குவது 50 முதல் 70 விழுக்காடு என்பதை அது அருகிலேயே வைத்துக் காட்டுகிறது. இதில் தமிழ் இலக்கணம் குறுக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. ‘காய்ச்சல் திரும்பிவிட்டது’ என்னும்போது எழுவாய் காய்ச்சல். நோயாளி வெறும் இடம். ‘குடிக்குத் திரும்பிவிட்டார்’ என்னும்போது எழுவாய் ஆள். ஆஸ்துமா திரும்பி வந்தவரைப் பார்த்து ‘வேதாளம் ஏறிவிட்டது’ என்று எவரும் சொல்வதில்லை. நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகும் குடி மட்டும் நம் வாக்கியங்களில் இன்னும் எழுவாய் ஆகவில்லை. அப்படி ஆக்கிவிட்டால் பொறுப்பு முழுவதும் ஆளைவிட்டு நீங்கிவிடும் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. அழுத்த மாத்திரையைப் போடாமல் விட்டவரிடம் அதைக் கேட்கத்தானே செய்கிறோம்.

கலைச்சொல்லாக்கத்தில் இதற்கு ‘மீள்வீழ்ச்சி’ என்றும் ‘மறுவீழ்ச்சி’ என்றும் எழுதுகிறார்கள். குற்றவியலில் ‘மீள்குற்றம்’ என்கிறார்கள். மீள்பதிப்பு, மீள்பார்வை, மீள்குடியேற்றம் என்று பழகிய கண்ணுக்கு ‘மீள்வீழ்ச்சி’ உறுத்தாது. ஆனால் அந்தச் சொல்லை முதன்முறை வாசிப்பவருக்கு, மீளுதலும் வீழ்தலும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்பதாகவே தோன்றும். மீட்பு மையத்தின் துண்டறிக்கையில் ‘மீள்வு’, ‘மீள்வீழ்ச்சி’ இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் குழப்பம் உறுதி. ‘மறு’வுக்கும் வேறு சிக்கல் உண்டு. மறுபடி என்ற பொருளோடு, கறை என்ற பொருளும், ஏற்க மறுத்தல் என்ற பொருளும் அதே ஒலியில் இருக்கின்றன. இருந்தாலும் பேச்சில் ‘மறுபடியும்’ என்பது அன்றாடம் புழங்குவதால், இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் ‘மறுவீழ்ச்சி’யை எடுப்பேன். இரண்டுமே முழுவீழ்ச்சிக்குரியவை. ஒருமுறை தவறியதற்கு ‘சறுக்கல்’ போதும். அது புதிதாக உருவாக்க வேண்டிய சொல்லும் அல்ல. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லும் மொழியில் சறுக்கியவர் இன்னும் யானையாகவே இருக்கிறார்.

சறுக்கல் என்ற சொல்லுக்கு மற்றத் தொடர்கள் எதற்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: அதைத் தன்மையில் சொல்ல முடியும். ‘நேற்றுச் சறுக்கிவிட்டேன்’ என்று ஒருவர் தன் மனைவியிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். சொன்ன பிறகும் பேச்சு தொடரும். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொள்வது 1935 ஜூன் 10. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித், சில வாரங்கள் குடிக்காமல் இருந்துவிட்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். ஊர் திரும்பி, நடுக்கம் தணிவதற்காகக் கடைசியாகக் குடித்த நாள் என்று குறித்துவைக்கப்பட்டதே அந்த ஜூன் 10. அதற்குப் பிறகு 1950இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. அந்த மாநாட்டு வாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரிடம் நம் பழமொழி இருந்திருந்தால், அவர் எதைச் சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை.